வடை எண்ணெய் குடிக்குது, பஜ்ஜி நமுத்துப் போகுது: விருந்து நாளில் என்ன பண்றது?

ஏழு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஆறே முக்காலுக்கே வந்து காலிங் பெல்லை அழுத்துவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வாணலியில் போட்ட கட்லெட் பிரிந்து, எண்ணெய் முழுக்க உருளைக்கிழங்குத் துணுக்காக மிதக்கும். நங்கநல்லூரில் இதே சின்ன சமையலறையில் இருபது வருஷமாகக் கொலுவுக்கும் புத்தாண்டுக்கும் பிறந்தநாளுக்கும் பலகாரம் சுட்டிருக்கிறேன். கெடுத்த பலகாரம்தான் எனக்குப் பாடம் சொன்னது. அநேகமாக எல்லாக் கோளாறிலும் ஒரே குற்றவாளிதான் மாட்டுகிறது: தண்ணீர். மாவில் கூடின தண்ணீர், காயில் ஒட்டின தண்ணீர், மூடிய டப்பாவுக்குள் ஆவியாகி மறுபடி பலகாரத்தின் மேலேயே சொட்டின தண்ணீர். அடுப்பையும் எண்ணெயையும் திட்டுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடுப்பில் வாணலி காய்ந்துகொண்டிருக்கும்போது இதைப் படிக்கிறீர்கள் என்றால் நேராக உங்கள் கோளாறின் தலைப்புக்குப் போய்விடுங்கள். அவசரத்துக்கு என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் முதலில் சொல்லியிருக்கிறேன். காரணத்தை விருந்து முடிந்து, கால் நீட்டி உட்கார்ந்தபின் படித்துக்கொள்ளலாம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் எண்ணெய்ச் சூடு

வடை, பஜ்ஜி, கட்லெட் எல்லாம் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் நன்றாக வேகும். சமையல் தெர்மாமீட்டர் வாங்குவதானால் கம்பியை எண்ணெய்க்குள் விட்டு அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டுகிற வகை மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும். எதுவும் இல்லையா, மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் இரண்டு மூன்று நொடியில் குமிழி விட்டு மேலே வந்தால் சரி. அடியிலேயே படுத்துக்கொண்டால் காயவில்லை. போட்ட மாத்திரத்தில் சிவந்தால் தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள்.

இன்னொன்று: விருந்தாளி காத்திருக்கிறார்கள் என்று பத்து வடையை ஒரே ஈடாகத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு வடையும் எண்ணெயின் சூட்டை இறக்கும். வாணலியின் மேல்பரப்பில் பாதியாவது காலியாக இருக்கட்டும். நான்கு நான்காகச் சுட்டால்தான் உண்மையில் சீக்கிரம் முடியும்.

"மெது வடை எண்ணெயைக் குடிக்குது, கையில வட்டமே நிக்கலை"

மாவு தளர்ந்துவிட்டது. தண்ணீர் கூடிவிட்டது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

இப்போது செய்ய வேண்டியது: மாவை மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். குளிர்ந்தால் ஓரளவு இறுகும். அதற்கு நேரமில்லை என்றால் காய்ந்த உளுந்தை இரண்டு மூன்று ஸ்பூன் மிக்ஸியில் தூளாக்கிக் கலக்கலாம். அரிசி மாவு என்றால் ஒரு டம்ளர் உளுந்துக்கு இரண்டு ஸ்பூனோடு நிறுத்துங்கள். நாலு ஸ்பூன் போட்டால் வட்டம் அழகாக வரும். ஆறினதும் தட்டினால் சத்தம் வரும். ரவையும் அப்படித்தான், ஒரு ஸ்பூன் உதவும், ஒரு கை கெடுக்கும்.

இதற்கும் மசியவில்லையா? ஓட்டையை மறந்துவிடுங்கள். ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, பல்லுப்பல்லாகக் கீறின தேங்காய், கறிவேப்பிலை போட்டு, ஈரக் கையால் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளிப் போட்டால் உளுந்து போண்டா. பார்ட்டித் தட்டில் அது வடையைவிட சீக்கிரம் காலியாகும். ஒரே வாயில் போட்டுக்கொள்ளலாம், கையெல்லாம் சட்னி ஆகாது. வடைதான் செய்வதாக இருந்தேன் என்று நீங்கள் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, மாவு ஓடுது."

"உளுந்தை எப்ப ஊறப் போட்டே?"

"நேத்து ராத்திரியே போட்டுட்டேன்."

"இட்லிக்குப் போட்டியா, வடைக்குப் போட்டியா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேவையும் இல்லை. வடைக்கு உளுந்து ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறின பருப்பு ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கிறது. நீங்கள் ஒரு சொட்டு விடாவிட்டாலும் அரைக்கும்போது அது வெளியே வரும். ஊறினதும் நன்றாக வடிகட்டி, கிரைண்டரில் போட்டு, தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஒரு டம்ளர் உளுந்துக்கு நாலைந்து மேசைக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது.

மிக்ஸிக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பிளேடு சுற்றச் சுற்ற மாவு சூடேறும், காற்று சரியாக ஏறாது. ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். பிறகு மாவைப் பாத்திரத்தில் போட்டு, கையால் ஒரே திசையில் மூன்று நிமிடம் அடியுங்கள். உளுந்தில் இருக்கிற அந்தக் கொழகொழப்புதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. காற்றுப் பிடித்த மாவுதான் மெத்தென்ற வடை. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் இன்னும் அடிக்க வேண்டும். வடை கல்லு மாதிரி இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைத் தாண்டாமல் சுட்டவர்கள்தான்.

உப்பும் வெங்காயமும் எண்ணெய் காய்ந்தபிறகுதான் மாவில் சேர வேண்டும். உப்பு பட்டதும் வெங்காயம் நீர் விடத் தொடங்கும். மாலை நாலு மணிக்கே எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது கெட்டி மாவு கூழாகியிருக்கும்.

"மசால் வடை எண்ணெயில உதிருது"

உதிர்கிற மாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மிக்ஸியில் நைசாக அரைத்து மீதியோடு பிசையுங்கள். அதுதான் பசை. அது போதாவிட்டால் பொட்டுக்கடலைத் தூள் ஒரு ஸ்பூன்.

காரணம் இரண்டில் ஒன்று: கடலைப்பருப்பு முழுக்க முழுக்கக் கொரகொரப்பாக அரைபட்டது, அல்லது பருப்பைச் சரியாக வடிகட்டவில்லை. இரண்டு மணி நேரம் ஊறினதும் வடிகூடையில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். அரைக்கும்போது தண்ணீர் என்ற பேச்சே கூடாது. முழுப் பருப்பு அங்கங்கே பல்லில் அகப்பட வேண்டும் என்பவர்கள் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்துக் கடைசியில் சேருங்கள். அடுப்பில் மிதமான தீ. தட்டிப் போட்டதும் கரண்டியால் நோண்டாதீர்கள்; ஒரு பக்கம் பிடித்துக்கொண்டபின் தானே நகரும்.

"பஜ்ஜியில மாவு தனி, காய் தனி"

வாழைக்காயைச் சீவித் தண்ணீரில் போட்டு வைப்பது கறுக்காமல் இருக்க. நல்ல பழக்கம்தான். அப்படியே எடுத்து மாவில் முக்குவதுதான் தப்பு. துணியால் ஒற்றி எடுங்கள். அதுவும் போதாதென்றால் துண்டுகளின் மேல் கடலை மாவைச் சற்றே தூவிவிட்டு முக்குங்கள், மாவு கவ்விக்கொள்ளும். பஜ்ஜி மிளகாயின் தோல் வழவழப்பு. அதற்கு இந்தத் தூவல் கட்டாயம் வேண்டும்.

மாவின் பதம்: கரண்டியின் பின்பக்கம் பூசி விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். ஒரு டம்ளர் கடலை மாவுக்குக் கால் டம்ளர் அரிசி மாவு. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். "புசுபுசுன்னு வரட்டும்" என்று அரை ஸ்பூன் கொட்டுகிறவர்களின் பஜ்ஜி ஸ்பாஞ்சு மாதிரி எண்ணெயை உறிஞ்சும், நாக்கில் சோப்பு வாடையும் அடிக்கும். சோடாவுக்குப் பதில் காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி மாவில் ஊற்றிக் கலக்குங்கள். பாதி வேலையை அதுவே செய்யும்.

மெரினாவில் சாப்பிடுகிற மிளகாய் பஜ்ஜி மாதிரி வீட்டில் ஏன் வருவதில்லை என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே வாணலியிலிருந்து கைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. உங்கள் வீட்டில் அது ஹாட் பாக்ஸில் அரை மணி நேரம் புழுங்கியபிறகு தட்டுக்கு வருகிறது. இதை அடுத்ததில் சொல்கிறேன்.

"சுடும்போது மொறுமொறு, தட்டுக்கு வந்ததும் நமுத்துப் போச்சு"

சென்னையில் விருந்து வைக்கிற எல்லோருக்கும் இது நடக்கும். கொலு, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று பார்ட்டிகளெல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையோடு வருகின்றன. துவைத்த துணி இரண்டு நாள் கொடியில் ஈரமாகவே தொங்குகிற காற்றில் பக்கோடா மட்டும் எப்படி முறுமுறுவென்று இருக்கும்?

நமுத்துவிட்டதை மீட்க: ஓடிஜி (மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) அல்லது ஏர் ஃப்ரையர் இருந்தால் 180 டிகிரியில் நாலைந்து நிமிடம், ஒன்றின்மேல் ஒன்று படாமல். அது இல்லாத வீட்டில் இரும்புத் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து எண்ணெய் விடாமல் புரட்டிப் புரட்டி எடுங்கள். அல்லது நன்றாகக் காய்ந்த எண்ணெயில் அரை நிமிடம் மறுபடி போட்டு எடுங்கள். மைக்ரோவேவ் பக்கம் போகாதீர்கள். அது உள்ளே இருக்கிற ஈரத்தைக் கிளப்பி மேல்தோலுக்கு அனுப்பும். இரண்டு நிமிடத்தில் ரப்பர்.

நமுக்காமல் தடுக்க, பலகாரம் வாணலியிலிருந்து வெளியே வருகிற அந்த முதல் நிமிடத்தைக் கவனிக்க வேண்டும். பொரிகிறபோது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலில் எண்ணெய் அதிகம் உள்ளே நுழைய முடியாது. வெளியே எடுத்ததும் சூடு தணிகிறது, உள்ளே ஆவி சுருங்குகிறது, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு வடை குடிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான் உள்ளே போகிறது. அதனால் சாரணியில் எடுத்ததும் வாணலிக்கு மேலேயே பத்து நொடி பிடித்து உதறுங்கள், சூடாக இருக்கும்போதே.

பிறகு எங்கே வைக்கிறீர்கள்? நம் வழக்கம் எவர்சில்வர் டப்பாவில் டிஷ்யூ போட்டு, மேலே மேலே அடுக்கி, மூடி. டிஷ்யூ எண்ணெயை உறிஞ்சும், வாஸ்தவம். ஆனால் அடியில் இருக்கிற வடை விடுகிற ஆவி எங்கே போகும்? மேலே இருக்கிற வடையின் அடியில் ஒட்டும். மூடியில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். ஹாட் பாக்ஸ் சப்பாத்திக்காக வந்த சாமான், பஜ்ஜிக்கு அது எமன். ஒரு கம்பி வலைத்தட்டு போதும். கேக் ஆற வைப்பதற்கென்று விற்பார்கள். இல்லாவிட்டால் வடிகூடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்புங்கள். அடியிலும் காற்றுப் போக வேண்டும். சூடாகவே இருக்க வேண்டுமென்றால் ஓடிஜியை 100 டிகிரியில் வைத்து, வலையோடு உள்ளே தள்ளி, கதவை ஒரு விரல் அளவு திறந்துவையுங்கள்.

நிஜமான தந்திரம் இரட்டைப் பொரியல். கோபி, சிக்கன், கட்லெட், சமோசா எல்லாவற்றுக்கும் பொருந்தும். நாலு மணிக்கே மிதமான தீயில் முக்கால் பதம் வேகவைத்து, நிறம் வருவதற்குள் எடுத்து வலையில் ஆறவிடுங்கள். விருந்தாளி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எண்ணெயை நன்றாகக் காயவைத்து ஒரு நிமிடம் போட்டெடுங்கள். முதல் தடவை உள்ளே வெந்துவிடுகிறது. ஆறும்போது உள்ளீரம் மேலே வருகிறது. இரண்டாம் சூடு அதை விரட்டிவிடுகிறது. ஹாலில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க நீங்கள் மட்டும் சமையலறையில் வியர்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். சிக்கனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: முதல் தடவையே உள்ளே முழுக்க வெந்திருக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கோழியை ஆறவைப்பது வயிற்றோடு விளையாடுவது. வேகவைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பதானால் ஆறினதும் ஃப்ரிட்ஜில்.

"கட்லெட் உடையுது"

அவசரத்துக்கு: ஆழமான எண்ணெயை விட்டுவிட்டுத் தோசைக்கல்லுக்கு மாறுங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில், ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை தொடாமல் விட்டுத் திருப்பினால் அரை உயிரில் இருக்கிற கட்லெட்கூடப் பிழைத்துவிடும்.

ஒரு கிறிஸ்துமஸ் சாயங்காலம், முதல் மாடியில் இருக்கிற அக்கா கேக் கொடுத்தனுப்பியிருந்தார். பதிலுக்குத் தட்டைக் காலியாக அனுப்பக்கூடாதே என்று கட்லெட் போட்டேன். முதல் ஈடு கரைந்தது. பிரெட் தூளைக் கூட்டினேன். இரண்டாம் ஈடும் கரைந்தது. உருளைக்கிழங்கை வெட்டித் துண்டாக்கி, தண்ணீரில் முங்கக் குக்கரில் வைத்திருந்தேன். வெட்டின பக்கமெல்லாம் நீரைக் குடித்திருந்தது. போதாக்குறைக்கு ஃப்ரோஸன் பட்டாணியைப் பனியோடு அப்படியே கொட்டியிருந்தேன். கடைசியில் அந்தத் தட்டில் ஆரஞ்சுப் பழம்தான் போனது.

தோலோடு முழுசாக வேகவையுங்கள். ஆவியில் வைத்தால் இன்னும் நல்லது. சூட்டோடு உரித்து, பரப்பி, முழுக்க ஆறவிடுங்கள். பட்டாணி, கேரட்டை வெறும் வாணலியில் ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். மைதாவைத் தண்ணீரில் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்து அதில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, ஃப்ரிட்ஜில் அரை மணி. பிறகு எண்ணெய். காயாத எண்ணெயில் போட்டாலும் மேல்தோல் பிடிப்பதற்குள் பிரிந்துவிடும்.

"வெளியே கருகுது, உள்ளே பச்சை"

தீ அதிகம், துண்டு பெரிசு. சிக்கன் 65க்கு எலும்பில்லாத துண்டு ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அண்ணாசாலை புகாரி ஹோட்டலில் 1965-இல் பிறந்தது என்று ஊரே சொல்கிற பண்டம். சென்னையில் விருந்துக்கு அது இல்லாவிட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. தயிரில் ஊறவைக்கிறவர்கள் தயிரைத் துணியில் கட்டி வடித்துவிட்டுச் சேருங்கள். நீர்த்த தயிர் மசாலாவைக் கழுவிக்கொண்டு எண்ணெய்க்குப் போகும், அங்கே அது கருகும், அடுத்த ஈடெல்லாம் கறுப்பாகும். தெர்மாமீட்டர் வாங்கியிருந்தால் பெரிய துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள்: 74 டிகிரி தொட்டிருந்தால் கோழி வெந்தது.

சமோசாவின் தோலில் அம்மைக் கொப்புளம் மாதிரி வந்தாலும் இதே நோய்தான். கெட்டியாகப் பிசைந்த மாவு, மந்தமான சூட்டில் தொடக்கம். போட்டதும் நாலு குமிழி சோம்பேறித்தனமாக வந்தால் போதும். டீக்கடை வெங்காய சமோசா செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: வெங்காயத்தில் ஒரு கைப்பிடி அவலைக் கலந்துவிடுங்கள். வெங்காயம் விடுகிற நீரையெல்லாம் அவல் குடித்துக்கொள்ளும், சமோசா சுற்றுகிற மாவுப் பட்டி ஊறிக் கிழியாது.

"கோபி 65 கடையில மாதிரி சிவப்பா வரலையே"

வராது, வரவும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டார்கள். காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், கூட ஒரு சொட்டு எலுமிச்சை. வருகிற நிறம் போதும்.

கோபி சவசவ என்று இருந்தால் அது வேறு விஷயம். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம்தான் இருக்க வேண்டும். பிறகு பூப்பக்கம் கீழே பார்க்கும்படி துணியில் கவிழ்த்து வைத்து முழுக்கக் காயவிடுங்கள். பூவுக்குள் தங்கின நீர்தான் பிறகு வேலையைக் காட்டும். கார்ன் ஃப்ளார் இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு.

"பன்னீர் டிக்கா தண்ணி விட்டு வேகுது, கடிச்சா ரப்பர்"

கல்லில் தண்ணீர் தேங்கினால் உடனே பாதித் துண்டுகளை வெளியே எடுங்கள், தீயைக் கூட்டுங்கள். அடுத்த தடவைக்கு: கட்டித் தயிர், அதில் வறுத்த கடலை மாவு ஒரு ஸ்பூன். உப்பைச் சுடுவதற்குச் சற்று முன்தான் போடுவது. ரப்பராகிவிட்ட பன்னீரை உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் ஓரளவு இளகும். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பன்னீரை அடுப்பில் வாட்டாதீர்கள்.

"சுண்டல் எட்டு விசில் விட்டும் வேகலை"

புறநகர்ப் பக்கம் போர் தண்ணீர் வீடுகளில் இது சகஜம். எங்கள் வீட்டுக் குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புச் சத்துதான் கொண்டைக்கடலையின் தோலிலும் போய் இறுக்குகிறது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிதண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்புப் போடுங்கள். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று எங்கள் பாட்டி அடித்துச் சொல்வார். நானும் பல வருஷம் நம்பினேன். உண்மையில் உப்பு தோலை இளக்குகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு: மாங்காய், எலுமிச்சை எல்லாம் வெந்தபிறகுதான். இப்போதே அவசரம் என்றால் குக்கரில் ஒரு சிட்டிகை சோடா போட்டு இன்னும் மூன்று விசில் விடுங்கள். பழைய கடலையாக இருந்தால் எதற்கும் அசையாது. அதை அரைத்து வடையாக்கிவிடுங்கள்.

சுண்டல் ஊசிப்போவதற்கு அநேகமாகத் தேங்காய்தான் காரணம். சூடான சுண்டலில் தேங்காயைக் கொட்டி, கலந்து, மூடிவைத்தால் சென்னைப் புழுக்கத்தில் மாலைக்குள் பிசுபிசுக்கும். சுண்டல் ஆறட்டும். தேங்காயும் மாங்காயும் பரிமாறும் நேரத்தில் சேரட்டும். 5 முதல் 60 டிகிரி வரையிலான சூடு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் ஊர் ஹால் எப்போதும் அதற்குள்தான். தேங்காய்ச் சட்னி, மயோனைஸ், தயிர் வடை, சிக்கன் எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குமேல் மேசையில் இருக்க வேண்டாம். மே மாத வெயிலென்றால் ஒரு மணி நேரம். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக வைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து நிரப்பிக்கொண்டே இருங்கள்.

"எண்ணெய் நுரைச்சுப் பொங்குது"

முதலில் தீயை அணையுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம். நுரை அடங்கினதும் பாருங்கள்: எண்ணெய் பழசா, மாவில் சோடா அதிகமா, வாணலி ஈரமா? தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைப் புது எண்ணெயோடு கலந்து புத்தாண்டுக்கும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழசு கொஞ்சம் கலந்தாலே புதுசும் சீக்கிரம் கெடும். கடைகளுக்கே 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு உண்டு: எண்ணெயில் சிதைந்த பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது. வீட்டில் அளக்க முடியாது. கறுத்து, கனத்து, வழக்கத்துக்கு முன்னமே புகைந்தால் விட்டுவிடுங்கள். சிறு கட்டிப் புளியைப் போட்டால் பொங்காது என்பார்கள். எனக்கு ஒரு தடவை பலித்தது, ஒரு தடவை புளி வெடித்துக் கையில் தெறித்தது. நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

"சாண்ட்விச் ரொட்டி ஊறிப் போச்சு, சட்னி கறுத்துப் போச்சு"

இரண்டு ரொட்டியின் உள்பக்கமும் ஓரம்வரை வெண்ணெய் தடவுங்கள், வெண்ணெய்தான் குடை. வெள்ளரி, தக்காளியை வெட்டித் துணியில் ஒற்றுங்கள். புதினா, கொத்தமல்லியை ஐஸ் துண்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தால் பச்சை நிற்கும். சட்னி நீர்த்திருந்தால் பொட்டுக்கடலை ஒரு ஸ்பூன்.

"பத்துப் பேருன்னு சொன்னாங்க, பதினெட்டுப் பேர் வந்துட்டாங்க"

ராத்திரிச் சாப்பாடு பின்னால் இருக்கிறது என்றால் ஆளுக்கு ஐந்தாறு துண்டு என்பது என் கணக்கு. சாப்பாடே இதுதான் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. கணக்குப் பிசகினால் அடுப்பில் அதிக நேரம் நிற்க வேண்டாத தட்டுகளுக்கு ஓடுங்கள். வேகவைத்த வேர்க்கடலையில் வெங்காயம், தக்காளி, மாங்காய். அப்பளத்தைப் பொரித்து மேலே அதே கலவை. ஆனால் நீட்டுகிற நொடியில்தான் தூவ வேண்டும், இரண்டு நிமிடம் போனால் அப்பளம் துணியாகிவிடும். பொரியில் தேங்காயெண்ணெய், பச்சைமிளகாய், வெங்காயம். ஃப்ரிட்ஜில் இட்லி மாவு இருந்தால் குழிப்பணியாரம், நாலு நிமிடத்துக்கு ஏழு. பணியாரம் ஒட்டிக்கொண்டு வரவில்லையென்றால் குழியில் வெங்காயத்தை எண்ணெயோடு தேய்த்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

"மசால் வடை மிஞ்சிப் போச்சு, காலையில் கல்லு"

இதற்கு சைதாப்பேட்டை வழி காட்டியிருக்கிறது. வடகறி. வடையை ஒன்றிரண்டாக உதிர்த்துக்கொள்ளுங்கள். பட்டை, சோம்பு தாளித்து, வெங்காயம் தக்காளி வதக்கி, மசாலா போட்டு, குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கையில் வடையைச் சேருங்கள். முன்னமே போட்டால் கரைந்து கஞ்சியாகும். குழம்பை எப்போதும் ஒரு சுற்று நீர்க்கவே வையுங்கள். ராத்திரி முழுக்கக் காய்ந்த வடை இப்போது தண்ணீரைத் தேடும், பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் குடித்துவிட்டுக் கெட்டியாகி நிற்கும். அப்போது வெந்நீர்தான் விட வேண்டும், பச்சைத் தண்ணீர் வேண்டாம். இட்லி தட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள்.